டவருக்குக் காது கேட்குமா?

"லடாக் போகிறோம், எந்த சிம் போட்டால் சிக்னல் கிடைக்கும்?" ஏப்ரல், மே வந்துவிட்டால் இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். பதிலுக்கும் பஞ்சமில்லை. ஒருவர் பிஎஸ்என்எல் என்பார். இன்னொருவர் ஏர்டெல் என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவர், "போன வருஷம் எங்களுக்கு ஜியோதான் எடுத்தது" என்பார். மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் நின்ற மலைவளைவு வேறு வேறு, கையில் இருந்த போனும் வேறு வேறு. அதனால் அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு நீங்கள் சிம் வாங்க முடியாது.

எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: நான் நிற்கும் இடத்திலிருந்து என் போன் பேசுவது டவருக்குக் கேட்குமா?

நாம் வழக்கமாக இதைத் தலைகீழாக நினைக்கிறோம். டவர் அனுப்புகிறது, போன் வாங்கிக்கொள்கிறது, சிக்னல் என்றால் அவ்வளவுதான் என்று எண்ணுகிறோம். உண்மையில் இது இரண்டு பக்கப் பேச்சு, இரண்டு பக்கமும் சமபலமும் இல்லை. டவரின் ஓர் அலைவரிசைக் கருவி சாதாரணமாக 20 முதல் 40 வாட் வரை அனுப்பும். அதுவும் உயரத்தில் இருந்துகொண்டு, ஒரு திசையை நோக்கிக் குவித்து அனுப்பும். உங்கள் 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்புவது 0.2 வாட். கோயில் திருவிழாவில் கட்டிய ஒலிபெருக்கி பக்கத்து ஊர் வரை பாடுகிறது. அந்த ஊரிலிருந்து நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் மைக் செட்காரருக்குக் கேட்பதில்லை அல்லவா? போனும் டவரும் அதே நிலையில்தான் இருக்கின்றன. டவரில் இருக்கும் ஆண்டெனாக்கள் பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம். அதனால் மெல்லிய குரலையும் ஓரளவுக்கு அவை பிடித்துவிடும். அதையும் தாண்டிய தூரத்தில்தான் அந்த எரிச்சலான காட்சி: திரையில் இரண்டு கோடு தெரிகிறது, அழைத்தால் போகவில்லை. கோடுகள் காட்டுவது டவரின் குரலை. உங்கள் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதை அவை சொல்வதில்லை.

அந்தக் கோடுகளையே அதிகம் நம்ப வேண்டாம். எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறது. உண்மையான எண் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலிமை என்று ஓர் எண், பக்கத்தில் டிபிஎம் என்ற அலகோடு இருக்கும். அது எப்போதும் கழித்தல் எண். 4ஜியில் மைனஸ் 85 என்றால் கவலையே இல்லை. மைனஸ் 110 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். மைனஸ் 120க்குக் கீழே போனால் மூட்டை கட்டிவிடலாம். இது மடக்கைக் கணக்கு. 10 எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். மைனஸ் 110 என்பது ஒரு வாட்டை நூறு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அவ்வளவு சன்னமான ஆற்றலிலிருந்து ஒரு போன் பேச்சைப் பிரித்தெடுக்கிறது என்பதை நினைத்தால், சிக்னல் இல்லை என்று அதைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வருவதில்லை.

அடுத்தது அலைவரிசை. கடையில் சிம் விற்பவர் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். தொலைதூரப் பயணிக்கோ பாதி விஷயம் இதில்தான் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் போன்கள் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3300 மெகாஹெர்ட்ஸ் வரை பல பட்டைகளில் பேசுகின்றன. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். 2300இல் அது 13 சென்டிமீட்டர். நீளமான அலை மலை விளிம்பைத் தாண்டியதும் கொஞ்சம் வளைந்து மறுபக்கம் இறங்கும், சுவரையும் இலையையும் எளிதாகக் கடக்கும். தடையே இல்லாத வெட்டவெளியிலும் வித்தியாசம் உண்டு. ஒரே தூரம், ஒரே வகை ஆண்டெனா என்று வைத்துக்கொண்டால், 2300இல் வந்து சேரும் ஆற்றல் 700இல் வருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உயர்ந்த பட்டைகளில் இடம் தாராளம், வேகம் அதிகம். நகரத்துக்கு அவை வேண்டும். காட்டுக்கும் மலைக்கும் வேண்டியது 1000க்குக் கீழே இருக்கும் பட்டைகள்.

இனி யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஜியோவின் 4ஜிக்கு அடித்தளப் பட்டை 850; 2022 ஏலத்தில் நாடு முழுக்க 700ஐயும் வாங்கினார்கள், ஆனால் அதை 5ஜிக்கு வைத்துக்கொண்டார்கள். ஏர்டெலின் பலம் 900 பட்டை. 2021 ஏலத்துக்குப் பிறகு 1000க்குக் கீழே அவர்களுக்கும் நாடு முழுக்க இடம் இருக்கிறது. பிஎஸ்என்எல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டிய 4ஜி, 700 பட்டையிலும் 2100 பட்டையிலும் ஓடுகிறது. காகிதத்தில் பார்த்தால் 4ஜிக்கு 700 வைத்திருக்கும் பிஎஸ்என்எல்தான் மலைக்கு ராஜா. ஆனால் காகிதத்தில் டவர் நிற்காது. நல்ல அலைவரிசை கையில் இருந்தும் பக்கத்தில் டவர் இல்லையென்றால் அந்த ராஜாவால் உங்களுக்குப் பயனில்லை.

உங்கள் போனும் இதில் கட்சிக்காரர். 700 என்பது போன் உலகில் 28ஆம் பட்டை. சில பழைய 4ஜி போன்களில் அந்தப் பட்டையே கிடையாது. அப்படிப்பட்ட போனில் பிஎஸ்என்எல் சிம் போட்டு, பிஎஸ்என்எல் டவருக்கு அடியிலேயே நின்றாலும், அந்த டவர் 700இல் மட்டும் பேசினால் உங்கள் போனைப் பொறுத்தவரை அங்கே 4ஜி இல்லை. அமெரிக்காவில் வாங்கி ஊருக்குக் கொண்டு வரும் போன்களிலும் இதைப் பார்க்க வேண்டும். அங்கே தாழ்ந்த பட்டைகளுக்குப் புழங்கும் 12, 13, 71 எதுவும் இங்கே இல்லை. போன் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பட்டைகளின் பட்டியல் வந்துவிடும். 5, 8, 28 மூன்றும் இருந்தால் நிம்மதியாகக் கிளம்பலாம். சிம் மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

2ஜியை யாரும் மதிப்பதில்லை. மலையில் அதற்கு இன்னும் மரியாதை உண்டு. ஜியோவில் 2ஜி கிடையாது, பேச்சும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். மற்றவர்களிடம் 2ஜி டவர்கள் இன்னும் இருக்கின்றன. 900 பட்டையில் ஒரு 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பலாம், அதாவது 4ஜி போனைப் போலப் பத்து மடங்கு. துளித் துளியாகத்தான் அனுப்புகிறது என்றாலும் ஓங்கிய குரல்தான். எனவே போனை 4ஜி மட்டும் என்ற அமைப்பில் பூட்டி வைத்திருந்தால் அதை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மஞ்சள் வெளிச்சத் திரை கொண்ட பழைய பட்டன் போன் வீட்டில் கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளலாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அந்த 2ஜிக்கு வேடிக்கையான வரம்பு ஒன்று உண்டு. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நொடியின் சிறு துண்டு. தூரத்தில் இருக்கும் போனின் பேச்சு தாமதமாக வந்து அடுத்தவர் துண்டில் விழுந்துவிடக் கூடாது. அதனால் டவர் போனிடம், 'நீ இவ்வளவு முன்கூட்டியே அனுப்பு' என்று சொல்லிவைக்கும். அப்படிச் சொல்ல டவரிடம் 0 முதல் 63 வரைதான் எண்கள் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் சுமார் 550 மீட்டர். பெருக்கினால் 35 கிலோமீட்டர் வரும். அதற்கு அப்பால் சிக்னல் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சாதாரண 2ஜி டவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. 4ஜியில் இந்த வரம்பு 100 கிலோமீட்டர். ஆனால் 0.2 வாட் குரல் அத்தனை தூரம் போய்ச் சேர்ந்தால்தானே?

பூமியின் வளைவு வேறு குறுக்கே நிற்கிறது. 40 மீட்டர் உயர டவர் ஒன்றும், நின்றுகொண்டிருக்கும் ஒருவர் கையில் போனும் சமதரையில் இருந்தால், ரேடியோ அலைக்கு அடிவானம் சுமார் 31 கிலோமீட்டர். இதைக் கண்ணெதிரே பார்க்க இமயமலை வரை போக வேண்டியதில்லை, தனுஷ்கோடி போதும். அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் மரமில்லை, மலையில்லை, வெறும் தண்ணீர். அரிச்சல்முனையில் நிற்பவர்களின் போனுக்கு "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி வருவது இதனால்தான். இரு நாட்டு நேரமும் ஒன்று என்பதால் கடிகாரம் மாறாது, அதனால் பலர் கவனிப்பதும் இல்லை. சர்வதேச ரோமிங் திறந்து வைத்திருப்பவர்கள் பில் வந்தபிறகு கவனிப்பார்கள்.

தனுஷ்கோடியில் 30 கிலோமீட்டர் ஓடும் அதே அலை, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வளைவைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடலாம். அங்கே எதிரி பாறை மட்டுமில்லை. இலையும்தான், அதிலும் நனைந்த இலை. இலைக்குள் இருக்கும் நீரும் இலைமேல் படிந்த நீரும் அலையை உறிஞ்சிக்கொள்கின்றன. பட்டை உயர உயர உறிஞ்சல் கூடும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் காட்டுச் சாலையில் ஒரே இடத்தில் வேனிலில் தத்தித் தத்தி எடுத்த சிக்னல் ஆடி மழையில் செத்துக் கிடந்தால் டவரைக் குறை சொல்ல முடியாது. லடாக்கில் நேர் எதிர். காற்று வறண்டது, மரம் கிடையாது, டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போனுக்கும் தெரியும். ஆனால் சாலை ஒரு திருப்பம் திரும்பியதும் மொத்த மலையும் நடுவில் வந்துவிடும். 700 ஆனாலும் 2300 ஆனாலும் முழு மலையைத் துளைத்துப் போகாது. அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தப் பட்டை என்று பாருங்கள். லடாக்கிலும் ஸ்பித்தியிலும் எந்தப் பள்ளத்தாக்கில் யாருடைய டவர் என்று பாருங்கள்.

அதை எப்படிப் பார்ப்பது? நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் சதவீதம் உதவாது. "99 சதவீத மக்களுக்குச் சேவை" என்றால் 99 சதவீத நிலத்துக்கு என்று பொருள் இல்லை. மக்கள் கூட்டமாக வாழ்கிறார்கள், நீங்களோ மக்கள் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும்: அங்குள்ள மொபைல் நிறுவனமான டெல்ஸ்ட்ரா கிட்டத்தட்ட எல்லா மக்களையும் எட்டுகிறது, ஆனால் அது கோரும் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பே நாட்டில் பாதிக்கும் குறைவு. நிறுவனங்களின் சேவை வரைபடம் கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் பெரும்பாலும் கணினிக் கணிப்பு. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் அந்த வரைபடங்களைச் சோதிக்கத் தன் ஊழியர்களை வண்டியில் அனுப்பியது. 2019 டிசம்பரில் வெளிவந்த அறிக்கைப்படி, வரைபடம் வாக்களித்த வேகம் கிடைத்தது சோதனைகளில் சுமார் 62 சதவீதத்தில் மட்டுமே. நம் நாட்டிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளுக்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் சேவை வரைபடங்களைத் தளத்தில் வெளியிட வேண்டும். அவற்றை எதிர்மறையாகப் படியுங்கள் என்பது என் யோசனை. வரைபடம் 'இருக்கிறது' என்றால் இருக்கலாம்; 'இல்லை' என்றால் நிச்சயம் இல்லை. தன் கடையைப் பற்றி யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் ஓர் இடத்தைச் சுற்றி யார் யார் டவர் நிற்கிறது என்றும் தேடலாம்.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் இன்னும் நம்பகமான சோதனை ஒன்று உண்டு, காசும் செலவில்லை. போன் அமைப்பில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அந்த இடத்தில் போன் காதில் விழும் எல்லா நிறுவனங்களையும் அது வரிசையாக எழுதிக் காட்டும், நீங்கள் வாடிக்கையாளராக இல்லாத நிறுவனங்களையும் சேர்த்து. சில சமயம் பெயருக்குப் பதில் எண் வரும். 404 அல்லது 405இல் தொடங்கினால் இந்தியா, 413 என்றால் இலங்கை. லாஹௌலின் கேலாங்கிலோ ஸ்பித்தியின் காசாவிலோ இரவு தங்கும் இடத்தில் இதைச் செய்தால், மறுநாள் எந்த சிம்மில் வீட்டுக்குப் பேசலாம் என்பது தெரிந்துவிடும். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தாலும் அது ஒரு தகவல்தான்: உங்கள் கம்பெனி இல்லை, வேறொரு கம்பெனி இருக்கிறது, 112ஐ அது எடுத்துச் செல்லும்.

இதிலிருந்தே சிம் கணக்கும் வந்துவிடுகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் வீண். வெவ்வேறு நிறுவனம் இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று 2ஜியும் வைத்திருக்கும் நிறுவனமாக இருக்க வேண்டும். எல்லையோரத்துக்குப் போகிறீர்கள் என்றால் நான் பிஎஸ்என்எல்லை ஒன்றாக வைப்பேன், வேகத்துக்காக இல்லை. லாபம் பார்க்கும் கம்பெனிகள் தயங்கும் குக்கிராமங்களுக்கு அரசுச் செலவில் டவர் போடும் வேலை பெரும்பாலும் அதன் தலையில்தான் விழுகிறது. 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாயில் 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்ற திட்டம் அதனிடம்தான் கொடுக்கப்பட்டது. ஸ்பித்தியின் கியூ கிராமத்துக்கு முதன்முதலாக மொபைல் சிக்னல் போனது 2024 ஏப்ரலில்தான் என்றால், மீதியை ஊகித்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல செய்தி: அரசு நிதியில் கட்டிய டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் ஒருவர் டவரில் மற்றவர் பேசும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. சுமார் 27,000 டவர்கள் அந்தக் கணக்கில் வருகின்றன. ரோமிங்கை அணைத்து வைத்திருந்தால் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். உள்நாட்டு ரோமிங் திறந்தே இருக்கட்டும்.

இத்தனை இயற்பியலையும் ஒரே அடியில் வீழ்த்தும் விதி ஒன்று இருக்கிறது. ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். பாதுகாப்புக் காரணத்துக்காக வெகுகாலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. ரோதாங் சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் வரை நன்றாகப் பேசிக்கொண்டு வந்த போன், லே நகரத்தில் டவருக்கு எதிரே ஊமையாகிவிடும். ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று மேலும் பணம் கட்டுபவர்களும் உண்டு. ஒரு எண்ணையாவது கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள், அல்லது அங்கே போய் அடையாளச் சான்று கொடுத்து உள்ளூர் சிம் வாங்குங்கள். கிளம்பும் வாரத்தில் விதி மாறியிருக்கிறதா என்று நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

சிக்னல் முழுசாக இருந்தும் படம் போகவில்லை, வரைபடம் திறக்கவில்லை என்றால் குற்றவாளி டவருக்குப் பின்னால் இருக்கிறார். டவரும் எங்கேயாவது இணைந்திருக்க வேண்டும்: கேபிள், மலைக்கு மலை தாவும் மைக்ரோவேவ், அல்லது செயற்கைக்கோள். அந்தமானுக்கு 2020 ஆகஸ்டு வரை செயற்கைக்கோள்தான் கதி. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்ற தீவுகளுக்கும் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்ட பிறகுதான் அங்கே இணையம் மூச்சு விட்டது. லட்சத்தீவுக்கு அது நடந்தது 2024 ஜனவரியில். இந்த இணைப்புக் குழாய் குறுகலாக இருக்கும் ஊரில் எந்த சிம் போட்டாலும் வாட்ஸ்அப் திணறும். குறுஞ்செய்தி போய்விடும், அதற்கு வேண்டிய இடம் மிகச் சிறியது. வீட்டாரிடம் "வாட்ஸ்அப் வராவிட்டால் எஸ்எம்எஸ் பார்" என்று சொல்லிவைப்பது இதற்காகத்தான்.

போன் பேட்டரியையும் காப்பாற்ற வேண்டும். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் 0.2 வாட்டையும் முழுசாகச் செலவிடும்; டவரே இல்லையென்றால் தேடிக்கொண்டே இருக்கும். சிக்னல் இல்லாத நெடுவழியில் விமானப் பயன்முறை போட்டுவிடுங்கள். ஊர் வந்ததும் எடுத்தால் போன் புதிதாகத் தேடி நல்ல டவரைப் பிடிக்கும். வழிகாட்டும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், டவர் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் உங்கள் இடத்தைக் காட்டும். அது வாங்குவது வானத்திலிருந்து, டவரிலிருந்து இல்லை.

செயற்கைக்கோள் போன் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றும். இந்தியாவில் தீராது, புதிதாக ஆரம்பிக்கும். துராயா, இரிடியம் போன்களை இங்கே அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். மலையேற்றக்காரர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் அந்தக் கணக்கில்தான் வரும்; தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். சட்டப்படி செயற்கைக்கோள் போன் வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு பிஎஸ்என்எல் வழியாக வாங்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள்.

எத்தனை சிம் போட்டாலும் மணாலி - லே சாலையிலோ மளுக்கப்பாறைக் காட்டிலோ சில மணி நேரம் உங்கள் போன் வெறும் கேமராதான். அதனால் கிளம்புமுன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள்: எந்த வழி, இரவு எங்கே தங்கல், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். தங்கும் விடுதியின் தரைவழித் தொலைபேசி எண் இருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள்.